கையெழுத்துச் சாயலில் ஒரு வரி: பலகைக்கும் மெனுவுக்கும் எழுத்துரு தேர்ந்து பயன்படுத்தும் முறை

கோவளத்தில் அலைச்சறுக்குப் பயிற்சி, மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் மீன் சாப்பாட்டுக் கடை, ஐந்து ரதம் போகும் வழியில் கற்சிற்பக் கடை, செங்கல்பட்டில் வீட்டிலிருந்தே முறுக்கு வியாபாரம் என்று எதை நடத்தினாலும் எழுத்து வேலை ஓயாது. பெயர்ப்பலகை வேண்டும், மெனு அட்டை வேண்டும், பொட்டலத்துக்கு ஸ்டிக்கர் வேண்டும். ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து, "கையால எழுதின மாதிரி ஒரு ஃபான்ட் போடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்ததை வாங்கிக்கொள்வதுதான் பலரின் வழக்கம். அதை நீங்களே தேர்ந்து, சோதித்து, அச்சுக்குக் கொடுக்க இந்த அத்தியாயம் உதவும்.

கோட்பாடு ஒன்றே ஒன்று. கையெழுத்துச் சாயல் எழுத்துரு ஒரு மனிதரின் பேச்சுக் குரல். வாயால் சொல்லக்கூடிய வரிக்கு மட்டும் அதைக் கொடுங்கள். "வாங்க, சாப்பிடலாம்", "இன்று வந்த மீன்" என்பவற்றைக் கடைக்காரர் வாயால் சொல்வார். முகவரியையும் ஜிஎஸ்டி எண்ணையும் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆகவே ஒரு பலகையில் அல்லது ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரி கையெழுத்துச் சாயலில் இருந்தால் போதும். மற்றதெல்லாம் சாதாரண எழுத்துருவில் வரட்டும்.

உலகப் புகழ் பெற்ற எடுத்துக்காட்டு காமிக் சான்ஸ். 1994இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் வின்சென்ட் கானேர் அதை வரைந்தார். ஒரு மென்பொருளில் கார்ட்டூன் நாய் பேசும் வசனம் செய்தித்தாள் எழுத்தில் வந்ததைப் பார்த்து, நாயின் பேச்சுக்கு இந்த எழுத்து பொருந்தவில்லை என்று புதிதாக வரைந்த எழுத்துரு அது. வசனக் குமிழிக்கு அது மிகச் சரி. பிறகு அலுவலகச் சுற்றறிக்கை, அறிவிப்புப் பலகை என்று எல்லா இடத்திலும் அதைப் போட்டதால்தான் கேலிக்கு ஆளானது. 2012இல் ஹிக்ஸ் போசான் கண்டுபிடிப்பை ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் அறிவித்தபோது திரையில் காட்டிய பக்கங்களில் பல காமிக் சான்ஸில் இருந்தன. அறிவியலைவிட எழுத்துருவைப் பற்றிப் பேசியவர்கள் அன்று ஏராளம். எழுத்து இடம் மாறினால் செய்தி பின்னுக்குப் போய்விடும்.

1. முதலில் எழுத்துருவைத் தேடுங்கள்

ஆங்கிலத்துக்குக் கையெழுத்துச் சாயல் எழுத்துருக்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழுக்குக் குறைவு. செலவில்லாமல் தொடங்க கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் உள்ள இந்த நான்கைப் பாருங்கள்:

• கவிவாணர்: இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. சற்றே சாய்ந்த, பேனாவால் எழுதிய சாயல். ஒரே தடிமனில்தான் கிடைக்கிறது. மெனுவின் தலைப்பு, வாழ்த்து அட்டை, பொட்டலத்தில் ஒரு வரி ஆகியவற்றுக்கு நல்லது.
• அரிமா: முனைகள் உருண்ட, மென்மையான எழுத்து. பல தடிமன்கள் உண்டு. தங்கும் விடுதி, தேநீர்க் கடைக்குப் பொருந்தும்.
• பலூ தம்பி: இந்தியாவின் ஏக் டைப் குழுவினர் உருவாக்கியது. குண்டான, தூரத்திலிருந்தும் தெரியும் எழுத்து. சிறுவர் பொருள்களுக்கும் தின்பண்டத்துக்கும் ஏற்றது.
• காய்னி: இன்னும் தடித்தது. ஓரிரு சொற்களுக்கு மேல் போடாதீர்கள்.

துணைக்கு ஒரு சாதாரண எழுத்துருவும் வேண்டும். முக்த மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா வேலைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமம் கவனம். மேலே சொன்னவை எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. வியாபாரத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருவைத் தனியாக விலைக்கு விற்கத்தான் கூடாது. மற்ற தளங்களில் இலவசமாக இறக்கும் எழுத்துருக்கள் பல, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டவை. கூட வரும் உரிமக் கோப்பைத் திறந்து படித்த பிறகே கடைப் பலகையில் ஏற்றுங்கள்.

2. ஐந்து சோதனைகள்

எழுத்துருவை நிறுவியதும் இந்த வரியைத் தட்டச்சு செய்து, ஏ4 தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்:

*செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், சங்கரா, வஞ்சிரம், கணவாய், எண்ணெய், சென்னை, கௌரி, ஞாயிறு, 16–70*

1. ர, கால் சோதனை. வேகமாக எழுதும்போது ர எழுத்தின் அடிக்கோட்டை நாம் விட்டுவிடுகிறோம். சில எழுத்துருக்களும் அப்படியே வரையப்பட்டிருக்கும். அந்த எழுத்துருவில் "சங்கரா" என்று போட்டால் "சங்க" என்பதை அடுத்து இரண்டு துணைக்கால்கள் மட்டும் நிற்கும். இந்தக் கரையில் சங்கராவும் வஞ்சிரமும் இல்லாத மீன் கடை மெனு கிடையாது. இந்தச் சோதனையில் தோற்ற எழுத்துரு மெனுவுக்கு வேண்டாம்.
2. புள்ளிச் சோதனை. ஆறடி தள்ளி நின்று பாருங்கள். "செங்கல்பட்டு" என்பதில் மூன்று புள்ளிகளும் தெரிய வேண்டும். புள்ளியின் அகலம் எழுத்தின் கோட்டுத் தடிமனுக்குக் குறையக் கூடாது.
3. சுழிச் சோதனை. ண, ன, ஞ, ழு, னை ஆகியவற்றின் உட்சுழிகள் அடைபடாமல் இருக்கின்றனவா? "கணவாய்" என்பதில் ண எழுத்தின் சுழிகளை எண்ணிப் பாருங்கள். எண்ண முடியவில்லை என்றால் சிறிய அளவில் அதைப் பயன்படுத்தாதீர்கள்.
4. கொம்புச் சோதனை. "செ", "ணெ", "கௌ" ஆகியவற்றில் கொம்பு தன் எழுத்தோடு ஒட்டி நிற்கிறதா, முந்தைய எழுத்தோடு சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பிருந்த ணை, லை, னை, றா வடிவங்கள் சில பழைய எழுத்துருக்களில் அப்படியே இருக்கும். ஒரு மெனுவில் பாதி பழையது, பாதி புதியது என்று கலக்க விடாதீர்கள்.
5. எண் சோதனை. 1-உம் 7-உம், 6-உம் 0-உம் ஒன்றுபோல் தெரிந்தால் விலையில் தகராறு வரும். எண்களை எப்போதும் சாதாரண எழுத்துருவில் போடுவதே நிம்மதி.

3. மெனு அட்டை: வரிசைப்படி செய்முறை

1. எழுத வேண்டிய அனைத்தையும் முதலில் வெறும் உரையாகத் தட்டச்சு செய்யுங்கள். பிழை திருத்தத்தை இங்கேயே முடித்துவிடுங்கள். "கௌ" என்பதை க, கொம்பு, ள என்று மூன்றாகத் தட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அதையும் இப்போதே சரிசெய்யுங்கள்.
2. யூனிகோடில் தட்டுங்கள். பாமினி போன்ற பழைய முறையில் தட்டியது கணினிக்குள் ஆங்கில எழுத்தாகவே இருக்கும். கடைக்காரரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் மெனு முழுவதும் புரியாத குறிகளாக வரும். பழைய கோப்பு கையில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள்.
3. எந்த வரி பேச்சு என்று முடிவு செய்து அதன் கீழ் கோடிடுங்கள். அந்த ஒரு வரிக்குக் கையெழுத்துச் சாயல்.
4. மென்பொருளில் தமிழ் உடைகிறதா என்று பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி வந்தால், அமைப்புகளில் "டைப்" பகுதிக்குப் போய் "வேர்ல்ட்-ரெடி லேஅவுட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்க்ஸ்கேப் இலவசம், அதில் தமிழ் சரியாகவே வரும்.
5. கையெழுத்து வரியைச் சாதாரண எழுத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வையுங்கள். மெல்லிய கோடு சின்ன அளவில் மங்கிவிடும்.
6. எழுத்து இடைவெளியை அப்படியே விடுங்கள். அதை விரித்தால் "கொ" என்பதில் கொம்பும் காலும் தனித்தனியே விலகிப்போகும்.
7. ஒரே தடிமன் உள்ள எழுத்துருவுக்கு "போல்டு" பொத்தானை அழுத்தாதீர்கள். மென்பொருள் கோட்டைச் சுற்றி ஊதிப் பெருக்கும், சுழிகள் அடைபடும். தடிமன் வேண்டுமென்றால் பல தடிமன்கள் உள்ள எழுத்துருவுக்கு மாறுங்கள்.
8. அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுத்தை வடிவமாக மாற்றுங்கள். கடையில் இதை "கர்வ் பண்றது" என்பார்கள். கோரல்டிராவில் "கன்வர்ட் டு கர்வ்ஸ்", இங்க்ஸ்கேப்பில் "ஆப்ஜெக்ட் டு பாத்". மாற்றிய பிறகு திருத்த முடியாது என்பதால் மாற்றாத மூலக் கோப்பு ஒன்றைத் தனியாக வைத்திருங்கள்.
9. பிடிஎஃப் ஆக அனுப்பி, ஒரே ஒரு பிரதி புரூஃப் வாங்கிப் பாருங்கள். உங்கள் கடையின் மாலை வெளிச்சத்தில் வைத்து, அந்த மெனுவைப் பார்த்திராத ஒருவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் திணறும் இடத்தை மாற்றுங்கள்.

4. பெயர்ப்பலகை: அளவுக் கணக்கு

பலகை எழுதுபவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு எளிது: வசதியாகப் படிக்க, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம். தமிழில் இந்த உயரத்தை "ப" போன்ற எழுத்தின் உடம்பில் அளக்க வேண்டும். மேல்விலங்கையும் புள்ளியையும் கணக்கில் சேர்த்தால் எழுத்து சிறுத்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்த பலகைக்குக் கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகரும். படிக்க 3 விநாடி வேண்டுமென்றால் 50 மீட்டர், அதாவது சுமார் 165 அடி தூரத்திலேயே எழுத்து தெரிய வேண்டும். ஆக எழுத்தின் உடம்பு 16 அங்குலமாவது இருக்க வேண்டும். மெல்லிய கோடுள்ள கையெழுத்துச் சாயல் இந்தத் தூரத்தில் கரைந்துபோகும். சாலை பார்த்த பலகையில் பெயரைத் தடித்த சாதாரண எழுத்தில் போடுங்கள். கையெழுத்துச் சாயலை வாசல் கதவுக்கும் உள்சுவருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்தவாடைத் தெருவில் ஆள்கள் நடந்து வருகிறார்கள். 20 அடியிலிருந்து படித்தால் போதும். அங்கே பலகையிலும் அது எடுபடும்.

விதி ஒன்று. 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்தில் வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம். அழகான ஆங்கிலக் கையெழுத்து எழுத்துரு கிடைத்தது என்பதற்காக ஆங்கிலப் பெயரைப் பெரிதாக்கி, தமிழை மூலையில் ஒதுக்குவது விதிப்படி தவறு. தமிழ்ப் பெயரை முதலில் வடிவமைத்து, அதன் சாயலுக்கு ஏற்ற ஆங்கில எழுத்துருவைப் பின்னர் தேடுங்கள். கவிவாணரில் இரண்டு மொழிகளும் உள்ளன.

5. எழுத்துரு பிடிக்கவில்லையா? கையாலேயே எழுதுங்கள்

கடைப் பெயர் இரண்டு சொல்தான். அதற்கு எழுத்துருவே தேவையில்லை. உங்கள் அம்மாவின் கையெழுத்தோ ஊரில் படகுக்குப் பெயர் எழுதுபவரின் தூரிகையோ இருந்தால் போதும். வேறு எந்தக் கடைக்கும் இல்லாத பெயர் கிடைக்கும். தொழில்முறை ஓவியர் எழுதினால் கூலியைக் கொடுத்து, எங்கெல்லாம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

1. கோடில்லாத வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், 2 அங்குல உயரத்தில் எழுதுங்கள். பலமுறை எழுதி, நன்றாக வந்ததைத் தேர்ந்தெடுங்கள்.
2. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் எடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலிருந்து எடுங்கள்.
3. இங்க்ஸ்கேப்பில் படத்தைத் திறந்து, "பாத்" மெனுவில் "ட்ரேஸ் பிட்மேப்" கொடுங்கள்.
4. மைத் தெறிப்புகளை நீக்குங்கள். புள்ளியைத் தெறிப்பு என்று நினைத்து அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
5. எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். விலைச்சீட்டு முதல் பத்தடிப் பலகை வரை இதே கோப்பு உடையாமல் விரியும்.

முழு எழுத்துருவே செய்ய ஆசையா? 247 எழுத்துகளையும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகர மெய் 18, உகரம் 18, ஊகாரம் 18 ஆக 67 வடிவங்கள் முதலில். புள்ளி, கால், கொம்புகள், மேல்விலங்குகள் ஆகியவற்றைத் தனியாக வரைந்து சேர்த்தால் மற்றவை உருவாகும். "டி", "டீ" இரண்டையும் தனியாக வரையுங்கள். ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருள் இதற்கு உண்டு.

பார்வைப் பயிற்சி. ஒரு மாலை மாமல்லபுரத்தில் எழுத்து பார்க்க நடங்கள். மீனவர் குப்பத்துப் படகுகளில் எனாமல் பெயின்டால் எழுதிய பெயர்களைப் பாருங்கள். வளைந்த பரப்பில் எழுத்தின் இடைவெளி எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். வடக்கே சாளுவன்குப்பம் அதிரணசண்டக் குகைக்குப் போங்கள். அங்கே பக்கச் சுவர்களில் ஒரே வடமொழிச் செய்தியைப் பல்லவ கிரந்தத்தில் ஒருபுறமும் நாகரியில் மறுபுறமும் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தின் வடிவம் மாறினால் சுவரின் தோற்றமே மாறுவதை நேரில் பார்க்கலாம்.

6. எந்தப் பரப்பில் எழுதுகிறீர்கள்?

• ஸ்டிக்கர் கட்டிங்: வெட்டி ஒட்டும் வினைலில் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு. மிகச் சிறிய துண்டும் அதுதான். உப்புக் காற்றில் முதலில் உரிந்து விழுவதும் அதுதான். புள்ளி விழுந்தால் "கல்பாக்கம்" என்பது "கலபாககம" ஆகிவிடும். பெரிய புள்ளியுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்; அல்லது எழுத்தை ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.
• கல்: வீட்டுப் பெயரைக் கல்லில் வெட்டித்தர மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்கள் இருக்கின்றன. இங்குள்ள கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மெல்லிய இழைக்கோடு உளிக்குத் தாங்காது, ஓரம் சிதறும். சீரான தடிமனுள்ள எழுத்தை முழு அளவில் அச்சிட்டுக் கொடுங்கள். எந்தக் கோடு தாங்கும் என்று சிற்பியிடம் கேட்டு, அவர் சொல்லும் இடத்தில் தடிமனைக் கூட்டுங்கள்.
• கரும்பலகை: தினம் மாறும் மீன் பட்டியலுக்குச் சாக்பீஸ் சாயல் எழுத்துருவை அச்சடிக்காதீர்கள். உண்மையான கரும்பலகையில் உண்மையான சாக்பீஸால் எழுதுங்கள். தினமும் மாற்றலாம், வருபவர்களும் நம்புவார்கள்.

7. இங்கே கூடவே கூடாது

கையெழுத்துச் சாயலை இந்த இடங்களில் தவிர்ப்பது பாதுகாப்புக்காக:

• கடல் எச்சரிக்கை. "கடலில் இறங்காதீர்கள்", "ஆழம்", "பாறை" போன்றவை தடித்த சாதாரண எழுத்தில், அடர்நிறப் பின்னணியில் வர வேண்டும். எச்சரிக்கை விளையாட்டாகத் தெரிந்தால் உயிர் போகும்.
• மின்சார அபாயம், தீயணைப்பான், அவசர வழி.
• நிலக்கடலை, இறால், நண்டு போன்ற ஒவ்வாமைக் குறிப்புகள். பொட்டலத்தின் சேர்மானப் பட்டியல், காலாவதி நாள்.
• தொலைபேசி எண், பணம் செலுத்தும் யூபிஐ முகவரி, படகின் பதிவு எண்.

8. மாட்டும்போது கவனம்

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியில்லாமல் வைத்த பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். உங்கள் பலகை யார் தலைமீதும் விழக் கூடாது என்பதைவிடப் பெரிய வடிவமைப்பு விதி இல்லை.

1. சாலையோரத்திலோ நடைபாதையிலோ எதையும் நிறுத்தும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள்.
2. சட்டம், திருகு, கம்பி எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். கடலோரத்தில் சாதாரண இரும்பு விரைவில் அரித்துவிடும்.
3. மின்கம்பிக்கு அருகில் ஏணி போடாதீர்கள். ஏணியைப் பிடிக்கக் கீழே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.
4. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் ஃப்ளெக்ஸையும் தொங்கும் பலகையையும் இறக்கிவிடுங்கள். சுலபமாகக் கழற்றும்படி முதலிலேயே மாட்டுங்கள்.

9. அச்சுக்கு அனுப்பும் முன் சரிபார்ப்பு

• கையெழுத்துச் சாயல் ஒரு வரியில் மட்டும்தானா?
• அந்த வரியை வாயால் சொன்னால் இயல்பாக இருக்கிறதா?
• எல்லாப் புள்ளிகளும் இருக்கின்றனவா? ர எழுத்தையும் காலையும் பிரித்தறிய முடிகிறதா?
• விலையும் எண்களும் சாதாரண எழுத்துருவில் உள்ளனவா?
• பலகையில் தமிழ் முதலாவதாகவும் பெரிதாகவும் இருக்கிறதா?
• உரிமம் பார்த்தாயிற்றா? கர்வ் செய்தாயிற்றா? மூலக் கோப்பு பத்திரமா?

எல்லாவற்றுக்கும் "ஆம்" என்றால் கோப்பை அனுப்புங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் அன்று அனுப்ப வேண்டாம். அச்சான பிறகு திருத்துவதற்குப் புதுப் பலகையின் காசு ஆகும். இப்போது திருத்துவதற்குக் காசே ஆகாது.